சமநிலையில் வினை நிற்பதில்லை
வேதிச் சமநிலை பற்றிச் சொல்லித்தரும்போது வரும் 'சமநிலை வந்ததும் வினை நின்றுவிடும்' என்ற வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். வினைபடுபொருள்கள் விளைபொருளாகும் முன்னோக்கு வினையும், விளைபொருள் திரும்பப் பிரியும் பின்னோக்கு வினையும் சம வேகத்தில் நடந்துகொண்டே இருக்கும், செறிவுகள்தான் மாறுவதில்லை.

சமநிலை நகர்வதை நிறமாற்றத்தில் காட்ட, பெரிக் குளோரைடு, பொட்டாசியம் தயோசயனேட் கரைசல்கள் (0.1 மோலார்) தலா 1 மி.லி. எடுத்து 100 மி.லி. தண்ணீர் சேர்க்க மாணவர்களிடம் சொல்லுங்கள். நீர்க்காமல் விட்டால் ரத்தச் சிவப்பில் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. சோதனை சொதப்புவது இங்கேதான். வெளிர் ஆரஞ்சாக வந்ததும் 5 மி.லி. வீதம் மூன்று சோதனைக் குழாய்களில் ஊற்றி, இரண்டில் தலா ஒரு வினைபடுபொருளை 5 சொட்டு விட்டால் நிறம் அடர்ந்து சிவக்கும். மூன்றாவதில் 5 சொட்டு வெறும் தண்ணீர், ஒப்பிடுவதற்கு.

வெப்ப விளைவுக்குச் சென்னை மே மாதக் குழாய்த் தண்ணீர் ஒத்துவராது, அதுவே வெதுவெதுப்பாக வரும். அதே வெளிர் ஆரஞ்சுக் கரைசல் உள்ள சோதனைக் குழாய்களில் ஐஸ் தண்ணீரில் ஒன்று, வெந்நீரில் ஒன்று வையுங்கள்: வெந்நீரில் இருப்பது வெளிறும், ஏனெனில் சிவப்பு நிறப் பொருளை உண்டாக்கும் முன்னோக்கு வினை வெப்பம் உமிழ்வது; சூடாக்கினால் சமநிலை பின்னோக்கி நகரும்.