என் கைக்குத் தொழில் கொடுத்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்து வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "சர்ச்சுக்காரர்கள் சோறு போட்டு, தொழில் சொல்லிக் கொடுத்து மதம் மாற்ற ஆள் பிடிக்கிறார்கள்" என்று மேடையில் இருந்தவர் சொன்னதும் கைதட்டினார்கள். அந்த முன்வரிசையில் என் சொந்த மாமாவும் இருந்தார். நாலு நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

அப்பா இறந்த வருடம், ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. வெல்டிங் கற்றது சர்ச் நடத்திய பயிற்சிக் கூடத்தில்தான். முதல் மாதம் முழுக்க வெல்டிங் ராடைத் தொடவே விடவில்லை. இரும்புத் துண்டை வைஸில், அதாவது இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியில் மாட்டி அரம் போட வேண்டும், மூலை சரியாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும், இடையில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் அரம். உள்ளங்கை கொப்புளித்தது. அங்கிருந்த சர்ச் துறவி, பிரதர் ஒருவர் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, "நாளைக்கும் வரணும்டா" என்றார். நெற்றியில் விபூதியோடுதான் தினமும் போனேன். அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தொழில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. இத்தாலியின் டூரின் நகரத்தில் டான் போஸ்கோ என்ற பாதிரியார் 1853இல் ஏழைப் பையன்களுக்குச் செருப்புப் பட்டறையும் தையல் பட்டறையும் தொடங்கினார். அதற்கு முந்தைய வருடமே, தச்சு வேலைக்குச் சேர்ந்த ஒரு பையனுக்காக முதலாளியிடம் எழுதி வாங்கினார்: அடிக்கக் கூடாது, திருநாளில் வேலை வாங்கக் கூடாது. அவருடைய சபையினர் தஞ்சாவூருக்கு வந்தது 1906இல். அதற்கு முந்தைய வருடம்தான் மயிலாப்பூரில் ராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லம் தொடங்கியது. அங்கேயும் ஏழை வீட்டுப் பிள்ளைகள் தங்கித் தொழிற்கல்வி படிக்கிறார்கள். அதை ஆள் பிடிப்பு என்பீர்களா? எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது.

அரசு ஐ.டி.ஐ. இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வெல்டர் பிரிவுக்கு எட்டாவது போதும், எனக்குத் தகுதியும் இருந்தது. அதை எனக்கு எடுத்துச் சொல்ல எங்கள் தெருவில் ஆள் இல்லை. டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவனைத் தேடி வந்தது யார்? அன்றைக்கு நீங்கள் யாரும் வரவில்லையே!

ஜெபத்துக்கு வராதவனை ஒதுக்கும் இடங்களும் உண்டு என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். இருக்கலாம். அப்படி யார் செய்தாலும் தவறுதான், சரி. அதற்காக என் பிரதர் தடவிய எண்ணெயும் தூண்டில் ஆகிவிடுமா?

மாமா, உங்கள் வீட்டு மாடிப்படிக் கைப்பிடி நான் வைத்தது. அத்தைக்கு முழங்கால் வலி என்று கூலி வாங்காமல் இரண்டு நாள் நின்று செய்தேன். அந்த வேலையை எங்கே கற்றேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கைதட்டினீர்கள்.