எந்த சிம் நல்லது என்று கேட்பவர்களுக்கு

கிழமைக்கு ஒருவராவது இன்பொக்ஸில் வந்து கேட்கிறார்கள்: "அண்ணை, எந்த சிம் போட்டா நெற் நல்லா இழுக்கும்?" உங்கட வளவு எங்க இருக்கு என்று திருப்பிக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் இலங்கையின் வடக்கே வன்னியில் அது தெரியாமல் பதில் சொல்ல ஏலாது.

என் கதையையே சொல்கிறேன். எங்கள் வீடு ஒட்டுசுட்டானில் இருந்து இன்னும் உள்ளுக்கு. ஒரு பக்கம் வயல், மற்றப் பக்கம் காடு. போன வருடம் கிளிநொச்சியில் ஒரு கடையில் சிம் வாங்கினேன். கடைத் தம்பி என் கண்முன்னாலேயே ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டினான். நாற்பதைத் தாண்டி நின்றது. மாதப் பக்கேஜையும் அங்கேயே போட்டுக்கொண்டு வந்தேன். மாங்குளம் வரைக்கும் நெற் ராசா மாதிரி இருந்தது. வீட்டுப் படலையைத் திறக்கும்போது போனின் மேல்மூலையில் 'E' என்ற எழுத்து. அதாவது 2ஜி. வட்ஸ்அப்பில் ஒரு படம் திறப்பதற்குள் ஒரு பிளேன்ரீ குடித்து முடித்துவிடலாம்.

கஸ்டமர் கெயாருக்கு எடுத்தேன். "உங்கள் பகுதியில் கவரேஜ் இருக்கிறது சேர்" என்றார்கள். பொய்யில்லை, இருந்தது. கிணற்றடி மாமரத்தில் இருந்தது. கனடாவில் இருந்து அண்ணா எடுக்கிற நேரம் பார்த்து அம்மா போனைச் சொப்பிங் பைக்குள் போட்டு ஆள் உயரக் கிளையில் கட்டிவிடுவா. அடித்ததும் ஓடிப்போய், பையோடு சேர்த்துக் காதில் வைத்தபடி கதைப்பா. வீட்டுக்குள்ளே வந்தால் தகரக் கூரை. தகரம் சிக்னலை உள்ளே விடாது, திருப்பி அனுப்பிவிடும்.

அந்த மாதம் முழுக்க நான் கட்டிய காசு மாமரத்துக்குத்தான்.

இன்னொரு பிழையும் நாங்கள் விடுகிறோம். போனில் தெரிகிற சிக்னல் கோடுகளை எண்ணி முடிவெடுக்கிறோம். கோடு என்பது டவரின் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்பது மட்டும்தான். வேகம் வேறு சங்கதி. ஒரு டவருக்குக் கீழே இருக்கிற எல்லோரும் அதே கொள்ளளவைத்தான் பங்குபோடுகிறோம். பகல் பதினொரு மணிக்குப் பறக்கிற நெற், இரவு எட்டு மணிக்கு ஊரே யூடியூப் பார்க்கும்போது நாலு கோட்டோடு சுற்றிக்கொண்டே நிற்கும். ஆகவே சோதிக்கிறதென்றால் இரவு எட்டு மணிக்கு, நீங்கள் வழக்கமாக இருக்கிற கதிரையில் இருந்து சோதியுங்கள். கோட்டை விடத் திருத்தமான கணக்கு வேண்டுமென்றால், பெரும்பாலான அன்ட்ரொய்ட் போன்களில் செட்டிங்ஸுக்குள் சிம் நிலை என்ற இடத்தில் மைனஸ் போட்டு ஒரு எண் இருக்கும். 4ஜியில் மைனஸ் 90 என்றால் நல்லது, மைனஸ் 115 என்றால் மாமரம் தேடவேண்டியதுதான். பத்து இறங்கினால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம்.

நான் கடைசியில் சிம் தெரிந்தெடுத்தது எந்த விளம்பரத்தையும் பார்த்தல்ல. பக்கத்து வீட்டில் சாமத்தியச் சடங்கு நடந்தது. நாலு ஊர்ச் சனம் வந்திருந்தது. பந்தலுக்குள் இருந்தபடியே வீடியோ கோல் கதைக்கிறவர் யார், போனை நெற்றிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடுகிறவர் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தலுக்குள் இருந்த மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பேரும் ஒரே கொம்பனி. அடுத்த நாளே அந்த சிம்மை வாங்கினேன். ஒரு நாள் பக்கேஜ் மட்டும் போட்டுப் பார்த்த பிறகுதான் மாதத்துக்குப் போட்டேன். நான் எந்தக் கொம்பனி என்று சொல்லமாட்டேன். முத்தையன்கட்டில் இருக்கிறவருக்கு அது உதவாமல் போகலாம். பிறகு என்னைத்தான் ஏசுவார்.

இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முன்பு நாட்டில் ஐந்து கொம்பனி. 2018 இல் எடிசலாட் ஹட்ச்சோடு சேர்ந்தது, 2024 இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. மிச்சம் மூன்று: டயலொக், மொபிட்டல், ஹட்ச். "ஒன்று விழுந்தால் மற்றது இருக்கும்" என்று 077 உம் (டயலொக்) 075 உம் (பழைய எயார்டெல்) வைத்திருப்பவர் ஒரே வீட்டின் இரண்டு படலைக்குத்தான் திறப்பு வைத்திருக்கிறார். 078 உம் (ஹட்ச்) 072 உம் (பழைய எடிசலாட்) அப்படித்தான். இரண்டு சிம் என்றால் இரண்டு கொம்பனியாக இருக்கவேண்டும்.

2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் போன காலத்தை மறந்திருக்கமாட்டீர்கள். டவரின் பற்றரி இறங்கினால் சிக்னலும் போய்விடும். அப்போது ஒரு கொம்பனி படுத்தாலும் மற்றது கொஞ்ச நேரம் உயிரோடு நின்றது. நான் வேறு கொம்பனியில் இரண்டாவது சிம் எடுத்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது அம்மாவின் போன் குசினிக்குள்ளேயே அடிக்கிறது. ஆனாலும் அண்ணா எடுத்தால் கிணற்றடிக்குத்தான் எழும்பிப் போகிறா. வீட்டுக்குள் இருந்து கதைத்தால் மருமகளுக்குக் கேட்குமாம்.