இறக்கத்தில் லாரியைப் பிடிக்க வேண்டியது கியர்

தொப்பூர் கணவாயில் விபத்து என்றால் மறுநாள் செய்தியில் ஒரே வரிதான்: "பிரேக் பிடிக்காததால் லாரி கட்டுப்பாட்டை இழந்தது." ஏதோ பிரேக் திடீரென்று மனசு மாறிய மாதிரி. ஏர் ஹோஸ் வெடித்தோ டயாபிரம் கிழிந்தோ பிரேக் போவதும் உண்டுதான். ஆனால் நீண்ட இறக்கத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு. மேலே கிளம்பும்போதே தப்பான கியர் அல்லது நியூட்ரல். அதன்பிறகு வேகத்தை அடக்கும் வேலை முழுக்க பிரேக் தலையில் விழுகிறது. பாதி இறக்கத்தில், சக்கரத்தோடு சுற்றும் பிரேக் ட்ரம் வெந்துபோகிறது. தொப்பூர் இரட்டைப்பாலம் வரும்போது முன்னால் கார்கள் நிற்கின்றன, மிதித்தால் ஒன்றும் இல்லை.

சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையையும் தொப்பூரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவு. பார்த்தாலே பயம் வரும். அந்தப் பயமே அங்கே பாதி பாதுகாப்பு. வளைவுக்கு வளைவு நின்று திரும்ப வேண்டியிருப்பதால் வேகம் ஏற இடமே இல்லை. அங்கே லாரி சிக்கும், சாயும், பல மணி நேரம் பாதையை அடைத்து உயிரை வாங்கும். தொப்பூர் அப்படியா? தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் நான்கு வழிச்சாலை, அகலம், மழமழ தார். சரிவு கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத சரிவில்தான் லாரி ஓடிப்போகும்.

கொஞ்சம் கணக்கு. 10 சக்கர டாரஸ் லாரி ஒன்று, 28.5 டன் மொத்த எடை. 2018-ல் 25 டன்னிலிருந்து உயர்த்தப்பட்ட வரம்பு இது. ஓவர்லோடை நான் சேர்க்கவே இல்லை. 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். இந்த வண்டியை 30 கிலோமீட்டர் வேகத்திலேயே வைத்திருக்க, சுமார் 155 குதிரைத்திறன் அளவு சக்தியை எங்கேயாவது விழுங்கியாக வேண்டும். 60-ல் போனால் 310. டயர் உராய்வும் எதிர்க்காற்றும் கொஞ்சம் தின்னும்; மீதி முழுக்க சூடு. அந்த லாரியின் இன்ஜினே 200, 250 குதிரைத்திறன்தான். மலையேற இன்ஜின் கொடுக்கும் சக்தியைவிட அதிகமானதை, காற்றில் ஆறுவதைத் தவிர வேறு வழியில்லாத ஆறு ட்ரம்கள் நிமிடக்கணக்கில் தாங்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். முடியாது. யார் மிதித்தாலும் முடியாது.

சூடானால் உள்ளே நடப்பது இரண்டு. ஒன்று, ட்ரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் மேல் இருக்கும் லைனர் மேற்பரப்பு பளபளவென்று கண்ணாடி மாதிரி ஆகி உராய்வு குறைகிறது. இரண்டாவதைப் பலர் யோசிப்பதில்லை: ட்ரம் இரும்பு, சூட்டில் விரியும், ஷூவை விட்டு விலகிப்போகும். காற்றழுத்தத்தை வாங்கி ஷூவைத் தள்ளும் சேம்பரின் புஷ் ராடு அந்த இடைவெளியைத் தாண்ட இன்னும் நீளமாக வரவேண்டும். இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் ஏற்கனவே லூசாக இருந்தால் ராடு கடைசிவரை வந்து முட்டிவிடும். மீட்டரில் 8 கிலோ காற்று இருக்கும், பெடல் நன்றாக இருக்கும், சக்கரத்தில் அழுத்தம் இருக்காது. ஷெட்டில் நிற்கும்போது சூப்பராகப் பிடித்த பிரேக் மலையில் பிடிக்காததற்குக் காரணம் இதுதான். ஆறிய பிறகு சோதித்தால் மறுபடி பிடிக்கும். அப்புறம் பழியை எதன்மேல் போடுவது?

"ஹேண்ட் பிரேக் இருக்கே, காற்று போனால் ஸ்பிரிங் தானாகப் பிடிச்சிடும்" என்பார்கள். அந்த ஸ்பிரிங் தள்ளுவதும் அதே ஷூவை, அதே வெந்த ட்ரம்மில். ராடு நீளமாகப் போகப் போக ஸ்பிரிங்கின் பலமும் குறையும். நிற்கிற வண்டியைப் பிடித்துவைக்கத்தான் அது.

இனி டீசல் விஷயம். நியூட்ரல் அடித்து இறக்கினால் டீசல் மிச்சம் என்று சொல்லாத லாரி ஷெட் இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் டீசல் அளக்கும் காமன் ரயில் வண்டியில் அந்தக் கம்ப்யூட்டர் டீசலை முழுசாக நிறுத்திவிடும். பழைய பம்ப் வண்டியிலும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இதையே செய்யும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் எரிக்கணும். ஐடிலில் மணிக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தாலும் பத்து நிமிட இறக்கத்துக்கு கால் லிட்டரைத் தாண்டிப் போகிறது. அதாவது நியூட்ரலில்தான் செலவு.

அப்படியானால் டிரைவர்கள் கண்ணால் பார்க்கும் மிச்சம் பொய்யா? பொய் இல்லை. அது வேகத்திலிருந்து வருகிறது. நியூட்ரலில் வண்டி 70, 80 என்று பறந்து, அடிவாரம் தாண்டி சமதளத்திலும் ஓசியில் ஓடும். 30-ல் இறங்கவேண்டிய இடத்தில் 80-ல் இறங்கினால்தான் அந்த மிச்சம். சாவியையும் அணைத்துவிட்டால் இன்னும் மோசம். கம்ப்ரசர் நிற்கும், மிதிக்க மிதிக்க டேங்க் காலியாகும், பவர் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். வேகம் ஏறியபிறகு கியர் போடலாம் என்று நினைத்தால் பல்லில் மாட்டாது, கரகரவென்று சத்தம்தான் வரும். நியூட்ரல் ஒருவழிப் பாதை.

எப்படி இறக்குவது? இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து கியரை மாற்றிவிட வேண்டும். "ஏறும் கியரில்தான் இறங்கணும்" என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்து 110 குதிரைத்திறன் வண்டிக்கு அது மிகச் சரி. இன்றைய வண்டி அதே ஏற்றத்தை இரண்டு கியர் மேலேயே இழுத்துவிடும். அந்தக் கியர் இறக்கத்தில் பிடிக்காது. அதனால் ஆர்பிஎம் மீட்டரைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் போட்டு, கால் பிரேக் தொடாமல், வண்டி ஏறக்குறைய ஒரே வேகத்தில் நிற்கிற கியர்தான் சரியான கியர். எக்ஸாஸ்ட் பிரேக் என்பது சைலன்சர் பைப்பில் ஒரு தகடு மூடி புகையை அடைப்பது. இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் அதற்குப் பலம். 1000 ஆர்பிஎம்மில் போட்டுவிட்டு "இது வேலைக்கு ஆகாது" என்று சொல்லக்கூடாது. சிவப்புக்கோட்டுக்குக் கீழே எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சத்தம் போடும், போடட்டும். தானாகக் கியர் மாற்றும் ஏஎம்டி வண்டியை மேனுவலுக்கு மாற்றி கியரைப் பூட்டிவிடுங்கள். தானாக மேல் கியருக்குத் தாவ விடாதீர்கள்.

கியர் பிடித்தும் வேகம் மெல்ல ஏறத்தான் செய்யும். 30-ஐத் தொட்டதும் அழுத்தமாக ஒரே மிதி, மூணு நாலு விநாடியில் 22 வரை இறக்கி, முழுசாக விட்டுவிடுங்கள். மறுபடி 30 வரட்டும். காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்குவது இதமாகத் தெரியும், ஆனால் ஏர் பிரேக்கில் லேசான அழுத்தத்துக்கு எல்லா சக்கரமும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. எந்த வால்வு முதலில் திறக்கிறதோ அந்த அச்சு மட்டும் மொத்த சுமையையும் இழுத்து வேகும். டக்டக்கென்று பம்ப் அடிப்பதும் தப்பு. ஒவ்வொரு முறை விடும்போதும் காற்று வெளியே போகிறது, கம்ப்ரசர் ஈடு கொடுக்காது.

லைனர் கருகும் வாசனை வந்தாலோ, அதே வேகத்துக்கு முன்பைவிட ஆழமாக மிதிக்க வேண்டியிருந்தாலோ அதுதான் கடைசி எச்சரிக்கை. வண்டி இன்னும் கேட்கும்போதே ஓரம் கட்டுங்கள். கட்டை போட்டு நிறுத்துங்கள். சூடான ட்ரம்மில் ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். ஆறும்போது ட்ரம் சுருங்கி ஷூவை இறுக்கும், விரிசலும் விடும். தண்ணீர் ஊற்றுவது அதைவிடக் கொடுமை.

அடிவாரத்தில் இறங்கி நிற்கும்போது ஒரு வேலை செய்யலாம், காசே ஆகாது. ஒவ்வொரு சக்கரத்து ட்ரம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். எல்லாரும் சூடான ட்ரம்மைத்தான் தேடுவார்கள். தேட வேண்டியது குளிர்ந்த ட்ரம்மை. அந்த சக்கரம் வேலையே செய்யவில்லை. அதன் பங்கையும் சேர்த்து மற்றவை வெந்திருக்கின்றன. ஸ்லாக் அட்ஜஸ்டர் லூசா, ஷூவை விரிக்கும் எஸ் கேம் இறுகிவிட்டதா, அல்லது லீக் ஆன சேம்பருக்கு யாரோ டம்மி போட்டு அடைத்துவிட்டார்களா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது நடக்காது என்று நம்புகிறவர்கள் ஒரு பழைய டிரெய்லருக்கு அடியில் போய்ப் படுத்துப் பார்க்கலாம்.

ஏற்றம் பற்றிச் சுருக்கமாக. வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள், வளைவின் நடுவில் கிளட்ச் தொடாதீர்கள். பாதி கிளட்ச்சில் பிடித்து நிறுத்தினால் பிளேட் கருகி அங்கேயே உட்காரும். கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம்தான் செங்குத்து. நாம் இடதுபக்கம் ஓட்டுவதால், ஏறும்போது இடது வளைவு வந்தால் உள்பக்கம் நமக்கு மாட்டும்; எதிர் பாதையையும் எடுத்துத்தான் திரும்ப முடியும். அதனால் இறங்கும் வண்டி வளைவுக்கு மேலேயே நின்று வழிவிட வேண்டும். குறுகிய மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, விதியிலேயே இருக்கிறது. இதை அதிகம் மீறுவது லாரிகள் இல்லை, ஹாரன் அடித்து நுழையும் கார்கள்தான். கிளீனர் கட்டையோடு இறங்கி நிற்கணும். உச்சிக்குப் போனதும் மூணு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள், டர்போ தப்பிக்கும்.

பிரேக் போயே விட்டது என்றால்? கியரை விடாதீர்கள், அதுதான் மிச்சமிருக்கும் ஒரே பிடி. எக்ஸாஸ்ட் பிரேக், ஹேண்ட் பிரேக் லீவரை மெதுவாக இழுத்து விட்டு இழுப்பது, லைட், ஹாரன். பள்ளத்தின் பக்கம் அல்ல, மலைச் சுவர்ப் பக்கம், மண்மேடு, வாய்க்கால், எதில் உரசினாலும் சரி. வேகம் குறைவாக இருக்கும்போதே அதைச் செய்யணும். "அடுத்த வளைவு வரை பார்ப்போம்" என்று தள்ளினால் வேகம் இன்னும் ஏறியிருக்கும்.

தொப்பூரில் உயர்மட்டச் சாலை வருகிறது, நல்லதுதான். ஆனால் நியூட்ரலில் வருகிறவனுக்கு எந்தச் சாலையும் போதாது. டிரைவரை மட்டும் திட்டிப் பிரயோஜனமும் இல்லை. லிட்டருக்கு இவ்வளவு ஓடணும், குறைந்தால் பேட்டாவில் பிடிப்பேன் என்று மைலேஜ் கணக்கு வைப்பது ஓனர். அந்தக் கணக்குத்தான் மலை உச்சியில் நியூட்ரலைத் தட்டுகிறது. கணவாய்க் கிலோமீட்டர்களை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள், லைனரையும் அட்ஜஸ்ட்மென்டையும் டிரைவர் கேட்கும்போது செய்து கொடுங்கள். வண்டியில் ஜிபிஎஸ் பெட்டி ஏற்கனவே இருக்கிறது. தொப்பூர் இறக்கத்தில் 30-ஐத் தாண்டினால் ஓனர் போனுக்கு அலர்ட் வரும்படி அதில் வைக்க முடியும். டீசல் திருட்டைப் பிடிக்க வாங்கி மாட்டிய அதே பெட்டிதான்.