மண்டபத்தில் நாவல் படித்தவன் எழுதுவது

அந்தக் காணொளியை இதற்குள் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை இங்கே மறுபடியும் பகிரப் போவதில்லை. பார்க்காதவர்கள் இருந்தால் தருமபுரியின் ஏதாவது ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேளுங்கள், கிடைக்கும். வரன் தேடும் குழுவிலும் வந்திருக்கிறது, தக்காளி விலை சொல்லும் குழுவிலும் வந்திருக்கிறது. மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில், பிளாஸ்டிக் நாற்காலியில், கழுத்தில் கேமராவோடு உட்கார்ந்து புத்தகம் படிப்பவன் நான்தான். "காசு வாங்கிக்கொண்டு கதைப் புத்தகம் படிக்கும் போட்டோகிராபர்" என்று அதன் மேல் எழுதி, அழுதுகொண்டே சிரிக்கும் பொம்மைகளை வரிசையாக அடுக்கியவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் மாப்பிள்ளை வீட்டாரும் அல்லர், பெண் வீட்டாரும் அல்லர் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். எனக்குக் காசு கொடுத்தவர்கள் இதுவரை ஒரு சொல்லும் குறையாகச் சொல்லவில்லை.

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் காணொளியில் நேரம் தெரியாது. எங்கள் பக்கத்தில் முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்பதே பெரும்பாலும் வழக்கம். பெண் அழைப்பில் தொடங்கி, மேடைக்கு வரிசையாக வந்து நிற்கும் உறவுகள் அனைவரையும் எடுத்து முடித்து, கடைசிப் பந்தியில் மிஞ்சிய சாம்பாரோடு நாங்கள் சாப்பிட்டு எழும்போது நள்ளிரவு ஆகிவிடும். அதற்குப் பிறகு மணமகளுக்கு அலங்காரம் தொடங்கும் வரை எடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. மாப்பிள்ளை தூங்குகிறார், பெண் தூங்குகிறாள், ஐயர் தூங்குகிறார், மொய்ப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தாய்மாமன் ஒருவர் தூங்குகிறார். போட்டோகிராபருக்கு மட்டும் அறை கிடையாது. மெமரி கார்டில் இருக்கும் படங்களை மடிக்கணினிக்கும் அங்கிருந்து இன்னொரு ஹார்ட் டிஸ்க்குக்கும் மாற்ற வேண்டும், பேட்டரிகளைச் சார்ஜ் போட வேண்டும். இவை அனைத்துக்கும் அந்த மண்டபத்தில் உயிரோடு இருந்த ஒரே பிளக் பாயிண்ட் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பையை விட்டு நகர முடியாது, ஒரு லென்ஸ் காணாமல் போனால் ஒரு சீசனின் சம்பாத்தியம் அதோடு போகும். அப்படி நகர முடியாமல் உட்கார்ந்திருந்த அதிகாலை மூன்று மணிக்குத்தான் நான் படித்தேன்.

இப்போது என் கேள்வி. எனக்குப் பக்கத்தில் வீடியோ எடுக்கும் தம்பி உட்கார்ந்து கைப்பேசியில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். காணொளியின் தொடக்கத்தில் அவனுடைய தோளும் திரையின் வெளிச்சமும் தெளிவாகவே தெரிகின்றன. படம் எடுத்தவரின் கை அவனைத் தாண்டி வந்து என் மேல் நிற்கிறது. அவனும் காசு வாங்கியவன்தான், அவனும் சும்மா இருந்தவன்தான். அவனைப் பார்த்து யாருக்கும் எரிச்சல் வரவில்லை, எரிச்சல் என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கிறது. நான் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தால் நான் உழைத்துக் களைத்த பாவப்பட்ட பையன். நாவல் படித்தால் பொறுப்பற்றவன். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. (அன்று அதிகாலை, அலங்காரம் தொடங்குவதற்குச் சற்று முன், வெளிச்சம் பார்ப்பதற்காகக் கூடத்தில் நான் எடுத்த சோதனைப் படம் ஒன்றில் காணொளி எடுத்த பெரியவரே வாயைத் திறந்தபடி தூங்குகிறார். அதை நான் எந்தக் குழுவிலும் போடவில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறது.)

"படிக்கிற நேரத்தில் ஆல்பத்தை முடித்துக் கொடுக்கலாமே" என்று ஒருவர் கீழே எழுதியிருந்தார். ஐயா, ஆல்பம் தாமதமாவது நான் நாவல் படிப்பதால் அல்ல. நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லிப் பென் டிரைவைக் கொடுத்தால், அது பீரோவுக்குள் போய், சின்ன அத்தைக்கும் பெரிய அத்தைக்கும் யார் படம் முதல் பக்கத்தில் என்ற வழக்கு முடிந்து, சில வீடுகளில் முதல் குழந்தையின் பெயர் சூட்டு விழாவோடு சேர்ந்துதான் திரும்பி வருகிறது. பாக்கிப் பணத்தைப் பற்றி இங்கே எழுதினால் பதிவு வேறு பக்கம் போய்விடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

"நாவல் படித்து என்ன ஆகப் போகிறது" என்று கேட்டவருக்குச் சற்று நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று என் கையில் இருந்தது அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்'. ஜெமினி ஸ்டூடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். சினிமா எடுப்பவர்களைப் பற்றிய நாவல் அது, ஆனால் அதில் திரையில் தெரியும் பளபளப்பு எதுவும் கிடையாது. வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஆட்களையும் வண்டிகளையும் திரட்டுவதற்குள் திண்டாடிப்போகும் தயாரிப்பு நிர்வாகி நடராஜன் இருக்கிறார். வராத நடிகையின் வீட்டுக்கே போய் நிற்கும் தயாரிப்பாளர் ரெட்டியார் இருக்கிறார். பணம் நின்றதும் ஒவ்வொருவராக உதிர்ந்துபோகிறார்கள், யாரும் யாரையும் தேடுவதில்லை. அதைப் படித்த பிறகுதான் மண்டபத்தில் என் கண் போகும் இடம் மாறியது. கெட்டி மேளத்துக்காகக் குச்சியை ஓங்கியபடி ஐயரின் விரலையே பார்த்துக்கொண்டிருக்கும் தவில்காரரின் முகம் எப்படி இருக்கும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தாலி ஏறும் அந்த நொடியில் மண்டபமே மேடையைப் பார்க்கிறது, அவர் மட்டும் ஒரே ஒரு விரலைப் பார்க்கிறார். ஒவ்வொரு கல்யாணத்திலும் சமையல் மாஸ்டரையும், இலை எடுக்கும் அம்மாவையும், தவில்காரரையும் ஒரு படமாவது எடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுகிறேன். ஆல்பத்தில் அவை இடம்பெறுவதில்லை, இடம்பெற வேண்டும் என்று நான் கேட்டதும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு நான் வந்தது பள்ளி முடித்த கையோடு, சித்தப்பாவின் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் அளவுப் படம் வெட்டுவதற்காக. முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் எங்கள் தொழில் காய் பறித்து முடித்த மாந்தோப்பு மாதிரி கிடக்கும். அப்படி ஓர் ஆடியில் யாரோ ஸ்டூடியோவில் மறந்துவிட்டுப் போன 'வெக்கை'யைத்தான் முதலில் படித்தேன். பூமணியின் நாவல், 1982இல் வந்தது. கொலை செய்துவிட்டு ஓடும் ஒரு சிறுவனும் அவனோடு காட்டில் ஒளிந்து திரியும் தகப்பனும். பிறகு 2019இல் அதைத் தழுவி 'அசுரன்' படம் வந்தபோது என் உதவியாளர் "அண்ணா, படமே பார்த்தாயிற்று, இனிமேல் புத்தகம் எதற்கு" என்றான். நான் வாதாடவில்லை, புத்தகத்தைக் கொடுத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது, "படத்தில் சண்டை இருக்கிறது அண்ணா, இதில் பசி இருக்கிறது" என்றான். பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டாத பையன் அவன். எங்களைப் போன்றவர்கள் படிப்பதாகக் "காட்டிக்கொள்கிறோம்" என்று எழுதிய பேராசிரியர் ஒருவருக்காக இதைச் சொல்கிறேன். உங்கள் வரியைத்தான் சார் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. யாருக்குக் காட்டிக்கொள்ள? அந்த மூன்று மணிக்கு அந்தக் கூடத்தில் விழித்திருந்தது யார்? பட்டம் வாங்கியவர் விமானத்தில் படித்தால் அது வாசிப்பு, கேமரா தூக்குபவன் மண்டபத்தில் படித்தால் அது நாடகமா?

இது என்னோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். எனக்கு ஆவணியில் நிச்சயம் முடிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பெண் வீடு கிருஷ்ணகிரி. 2004இல் தருமபுரி மாவட்டத்தைத்தான் இரண்டாகப் பிரித்தார்கள், சம்பந்தங்களை யாராலும் பிரிக்க முடியவில்லை. காணொளி அங்கேயும் போயிருக்கிறது. பெண்ணின் சித்தப்பா, நான் மிகவும் மதிக்கிற மாமா, அண்ணன் மகளைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்குத் தொழிலில் பிடிப்பு இல்லையோ" என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவர், "அது என்னுடைய புத்தகம் சித்தப்பா, நான்தான் படிக்கக் கொடுத்தேன்" என்று சொல்லியிருக்கிறார். மாமா அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லையாம். ஆனால் கேள்வி கேட்கப்பட்டுவிட்டது அல்லவா? தெரியாத மனிதர் ஒருவரின் பொழுதுபோக்குக்காக, தை மாதம் என் மனைவியாகப் போகிறவர் தன் வீட்டில் எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. இதற்கும் சிரிக்கும் பொம்மை இருக்கிறதா என்று தெரியவில்லை.

பெண் பார்க்கப் போன அன்று தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த தட்டில் 'கோபல்ல கிராம'த்தைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு, எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் இது புதிதல்ல. தெலுங்கு பேசுகிற ஒரு கூட்டம் ஊரைவிட்டுக் கிளம்பித் தெற்கே வந்து காடு திருத்திய கதையைக் கி. ராஜநாராயணன் 1976இல் அந்த நாவலில் எழுதினார். "எங்கள் பாட்டி சொல்லும் கதைகளும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், நாவலில் வரும் மங்கத்தாயாரு அம்மாளுக்குக் கொஞ்சம் ஞாபக சக்தி அதிகம்" என்றார் பெண். காபியை வைத்துவிட்டு நாங்கள் பேசியது அவ்வளவுதான். அவர் ஓசூரில் வேலை பார்க்கிறார். கம்பெனிப் பேருந்தில் போகவர இருக்கும் நேரத்தில் படித்துவிட்டு இரவில் எனக்குக் குரல் பதிவு அனுப்புவார், நான் மண்டபத்தில் படித்துவிட்டு அதிகாலையில் அனுப்புவேன். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலில் வரும் அலங்காரத்தம்மாளைப் பற்றி எங்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. பிள்ளை வேதம் படித்துத் தன் பாவத்தைக் கரைப்பான் என்று ஒரு தாய் எதிர்பார்ப்பது கொடுமை என்பது என் கட்சி. அந்த வீட்டில் அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது என்பது அவர் கட்சி. மலையின் மேல் வெள்ளை உடையில் கைகோத்து ஓடும் படப்பிடிப்பு உங்களுக்கு வேண்டாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதுவே பதில். மற்றவர்களுக்கு நான் அதை மகிழ்ச்சியோடு எடுத்துத் தருவேன், ஒகேனக்கல் பரிசலிலும் எடுத்துத் தருவேன். எங்களுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. சென்ற ஆண்டு ஒரு குடும்பம் முன்பணம் கொடுத்துவிட்டு, பிளக்ஸ் பேனருக்காகப் பெண்ணின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியது. பள்ளி அடையாள அட்டையிலிருந்து வெட்டியெடுத்த படம். சீருடையின் கழுத்துப் பட்டை ஓரத்தில் தெரிந்தது. வயது கேட்டேன். "பதினெட்டு நடக்கிறது" என்றார்கள். நடக்கிறது என்றால் முடியவில்லை என்று பொருள். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் பக்கத்து வீட்டு டீச்சரம்மா ஜமுனாவிடம் தன் கல்யாணக் கதையைச் சொல்லும் பக்கங்களை அதற்குச் சில வாரங்கள் முன்புதான் படித்திருந்தேன். அதைப் படித்துவிட்டு அந்தப் பேனரை வடிவமைக்க என் கை வரவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் அழைத்தேன். அதன் பிறகு நடந்ததை இங்கே எழுதுவது அந்தப் பெண்ணுக்கு நல்லதல்ல. "போட்டோகிராபருக்கு எதற்கு ஆதார் அட்டை" என்று அப்போது என்னிடம் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில், அத்தகைய திருமணத்தை நடத்தி வைப்பவருக்கு மட்டுமல்லாமல் அதில் கலந்துகொண்டு துணைபோகிறவருக்கும் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதை அவர்களுக்கு மீண்டும் நினைவூட்டுகிறேன். அந்தச் சொந்தத்தில் இருந்து அதற்குப் பிறகு எனக்கு ஒரு கல்யாணமும் வரவில்லை. அதை யாரும் காணொளி எடுக்கவில்லை. எந்தக் குழுவிலும் "காசைத் திருப்பிக் கொடுத்த போட்டோகிராபர்" என்று எழுதவில்லை. எழுத வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தது மட்டும்தான் உங்கள் கண்ணில் படுகிறது என்பதைச் சொல்கிறேன்.

படிக்காத போட்டோகிராபர்கள் மட்டம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, அப்படித் திரிக்கத் தயாராக இருப்பவர்கள் தயவுசெய்து வேறு பதிவுக்குப் போகவும். என்னைவிட நன்றாகப் படம் எடுக்கும், ஒரு நாவலைக்கூடத் தொடாத நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். எங்கள் கல்யாணத்தை எடுக்கப் போகிறவரே அப்படிப்பட்டவர்தான், காவேரிப்பட்டணத்துக்காரர். அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் முதல் பந்தியிலேயே இலை போட வேண்டும், பிளக் பாயிண்ட் இருக்கிற ஓர் அறையும் கட்டிலும் ஒதுக்க வேண்டும் என்று சமையல் மாஸ்டரிடமும் மண்டபத்து மேனேஜரிடமும் இப்போதே சொல்லிவிட்டேன். மாமாவும் சரி என்றார். நடுவில் நேரம் கிடைத்தால் அந்த நண்பர் படிக்க மாட்டார், குறட்டை விட்டுத் தூங்குவார். தாராளமாகத் தூங்கட்டும்.