மெட்ரோ பக்கத்தில் அபார்ட்மெண்ட் வேண்டாம் என்பவர்களுக்கு

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்கு வெளியே, ஆஷ்பர்ன் மெட்ரோ ரயில் நிலையத்தைச் சுற்றி இன்னும் சில நூறு அபார்ட்மெண்ட் வரப்போகிறது என்று யாராவது ஒரு செய்தியைப் பகிர்ந்தால் போதும், நம்மவர்களின் வாட்ஸ்அப் குழு அன்றிரவு தூங்காது. பள்ளிக்கூடம் நிரம்பி வழிகிறது, வாக்ஸ்பூல் ரோட்டில் காலையில் நகர முடியவில்லை, வீட்டு விலை இறங்கிவிடும், இனி யாரையும் கட்டவே விடக்கூடாது. இப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேர் குடியிருக்கும் தெரு, சமீப காலம் வரை வெறும் வயல். என் தெருவும் அப்படித்தான். அங்கே நம் வீடுகள் வந்தபோதும் யாரோ ஒரு பழைய குடும்பம் இதே வசனத்தைப் பேசியிருக்கும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஷ்பர்ன் இருக்கும் லவுடன் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) மேற்குப் பக்கம் இன்றைக்கு இருப்பது போலவே வயலும் குதிரைப் பண்ணையும் திராட்சைத் தோட்டமுமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், மெட்ரோ பக்கத்தில் உயரமாகக் கட்டுவதை ஆதரிக்க வேண்டும். இரண்டையும் எதிர்த்தால் மிஞ்சுவது, கண்ணுக்கெட்டிய தூரம் டவுன்ஹோம், அதாவது சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள்.

இந்தப் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சின்ன முன்கதை. வாஷிங்டனுக்கு மேற்கே, வர்ஜீனியா மாநிலத்தில், டல்லஸ் விமான நிலையத்தை ஒட்டி இருக்கிறது லவுடன். 1990-ல் மக்கள்தொகை 86 ஆயிரம். 2000-ல் 1 லட்சத்து 70 ஆயிரம். 2010-ல் 3 லட்சத்து 12 ஆயிரம். 2020 கணக்கெடுப்பில் 4 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. முப்பதே வருடத்தில் ஏறக்குறைய ஐந்து மடங்கு. கிழக்கே ஸ்டெர்லிங், ஆஷ்பர்ன், பிராம்பிள்டன், சவுத் ரைடிங். மேற்கே மிடில்பர்க், லவெட்ஸ்வில், ரவுண்ட் ஹில். கிழக்கிலிருந்து மேற்கே கார் ஓட்டிப் போனால் அரை மணி நேரத்தில் வேறு நாட்டுக்கு வந்துவிட்டது போல இருக்கும். அந்தப் பக்கம் இன்னும் தார் போடாத சரளைச் சாலைகள் ஏராளம். இங்கே அடுத்த வீட்டுத் தாளிப்பு வாசனை நம் சமையலறைக்கு வரும்.

"ப்ளானிங்கே இல்லாமல் கண்டபடி கட்டுகிறார்கள்" என்பது அடிக்கடி காதில் விழும் புகார். இது சரியில்லை. இந்தக் கவுண்டியில் ப்ளானுக்குப் பஞ்சமே இல்லை. 2001-ல் ஒரு பெரிய திட்டம், 2019-ல் அதை மாற்றி இன்னொன்று. 2019 திட்டம் நிலத்தை நகரம், புறநகர், இடைப்பகுதி, கிராமம் என்று நாலு பெரும் பகுதியாகப் பிரிக்கிறது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிராமப் பகுதிதான். கோளாறு திட்டத்தில் இல்லை, அதைச் செயல்படுத்தும் அதிகாரத்தில் இருக்கிறது.

வர்ஜீனியாவில் மாநிலம் எழுதிக் கொடுத்த அதிகாரம் மட்டுமே கவுண்டிக்கு உண்டு. டில்லன் விதி என்பார்கள். "பள்ளியும் சாலையும் வரட்டும், அப்புறம் வீடு கட்டுங்கள்" என்று ஒரு பில்டரிடம் சொல்லக் கவுண்டிக்கு உரிமை கிடையாது. பொட்டோமாக் ஆற்றின் அந்தக் கரையில், மேரிலாந்தின் மான்ட்கமரி கவுண்டியில், 1973-லேயே அப்படி ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். இந்தக் கரையில் முடியாது. நிலத்துக்கு ஏற்கெனவே இருக்கும் ஸோனிங் (எங்கே என்ன, எவ்வளவு கட்டலாம் என்ற விதி) எத்தனை வீட்டை அனுமதிக்கிறதோ அத்தனையையும் ஒருவர் கட்டிக்கொள்ளலாம், கவுண்டி தனியாக ஓட்டெடுத்துச் சம்மதிக்கத் தேவையில்லை. இதைத்தான் பை-ரைட் என்கிறார்கள். அதற்கு மேல் கட்ட வேண்டும், ஸோனிங்கை மாற்றித் தாருங்கள் என்று பில்டர் வந்து நிற்கும்போதுதான் கவுண்டிக்குக் கொஞ்சம் பேரம் பேச இடம் கிடைக்கிறது. பள்ளிக்கு இத்தனை ஏக்கர் தருகிறேன், இந்தச் சாலையில் இவ்வளவு தூரம் போட்டுத் தருகிறேன் என்று அவர் 'தானாக முன்வந்து' தருவதற்கு ப்ராஃபர் என்று பெயர். அதையும் 2016-ல் மாநில சட்டமன்றம் நன்றாக நெருக்கிவிட்டு, 2019-ல் கொஞ்சம் தளர்த்தியது.

சாலை விஷயம் இன்னும் வேடிக்கை. 1932-லிருந்து வர்ஜீனியாவில் பெரும்பாலான கவுண்டிகளின் சாலைகள் மாநிலத்தின் பொறுப்பு. வீட்டுக்கு அனுமதி தருவது ஒருவர், சாலையைப் பராமரிப்பது இன்னொருவர். நம் பக்கம் நாலு வழிச் சாலை ஜம்மென்று போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று இரண்டு வழியாகச் சுருங்கும், அரை மைல் கழித்து மறுபடி நாலாகும். புதிதாக வந்த எல்லோரும் இதைப் பார்த்து இஞ்சினியருக்குப் பைத்தியமா என்று கேட்பார்கள். நாலு வழி இருக்கும் இடம், ஒரு பில்டர் தன் குடியிருப்பின் முகப்பு நீளத்துக்கு மட்டும் ப்ராஃபர் கணக்கில் போட்டுக் கொடுத்தது. நடுவில் சுருங்கும் இடத்தில் யாரோ ஒருவர் இன்னும் நிலத்தை விற்காமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் விற்கும்வரை, அல்லது அரசுப் பணம் வரும்வரை, நாம் ஒவ்வொரு காலையும் அங்கே வரிசையில் நிற்போம்.

வளர்ச்சியை ஓட்டுப் போட்டு நிறுத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் இங்கே நடந்த அரசியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கவுண்டியை ஆளும் போர்டில் ஒன்பது பேர். 1999 தேர்தலில் 'கட்டுப்பாடில்லாத விரிவை நிறுத்துவோம்' என்று கிளம்பிய இயக்கம் ஆதரித்த எட்டுப் பேரும் ஜெயித்தார்கள். அவர்கள் 2001-ல் திட்டத்தைத் திருத்தி, 2003 தொடக்கத்தில் மேற்குப் பகுதியில் வீடுகளின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைத்தார்கள். நில உரிமையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அதே 2003 நவம்பரில் கட்டுமானத்துக்குச் சாதகமானவர்கள் போர்டைப் பிடித்தார்கள். 2005 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த மேற்கு விதிகளையே ரத்து செய்தது. நோக்கம் தவறு என்பதற்காக அல்ல, மக்களுக்குக் கொடுத்த பொது அறிவிப்பு போதுமானதாக இல்லை என்பதற்காக! நாலு வருட உழைப்பு ஒரு நோட்டீஸில் போச்சு. மூன்று ஏக்கருக்கு ஒரு வீடு என்ற பழைய விதி திரும்பி வந்தது. 2006-ல் மறுபடி ஒரு சமரச விதி கொண்டுவந்தார்கள். 2007-ல் மீண்டும் மெதுவான வளர்ச்சிக்காரர்கள். 2011-ல் ஒன்பது இடத்தையும் குடியரசுக் கட்சி அள்ளியது. இத்தனை தேர்தலுக்கு நடுவிலும் மேலே சொன்ன மக்கள்தொகை வரிசையில் எந்தத் தயக்கமும் தெரியவில்லை பாருங்கள்.

வீடுகள் மட்டும் வந்தால் கவுண்டி திவாலாகிவிடும், அது வேறு கதை. புதுக் குடும்பம் என்றால் பிள்ளைகள், பிள்ளைகள் என்றால் பள்ளி, பள்ளிதான் பட்ஜெட்டின் பெரிய செலவு. வீட்டு வரி அதை ஈடுகட்டாது. அங்கேதான் டேட்டா சென்டர், அதாவது இணையத்துக்கான கணினிகளை அடுக்கி வைக்கும் பெரிய கட்டடம், உள்ளே வந்தது. 90-களின் கடைசியில் இணைய நிறுவனங்களின் இணைப்பு மையங்கள் ஆஷ்பர்னில் ஊன்றின. ஃபைபர் இருந்த இடத்துக்கு அடுத்தவர் வந்தார், அவரைப் பார்த்து இன்னொருவர். உள்ளே இருக்கும் கணினிகளுக்கும் கவுண்டி வரி உண்டு, அவற்றைச் சில வருடத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றுகிறார்கள், வரி ஊற்று வற்றுவதே இல்லை. பள்ளிக்குப் பிள்ளை அனுப்பாத, சாலையில் நெரிசல் தராத வரி கட்டுபவர். இன்று கவுண்டியின் சொத்து வரி வருவாயில் ஏறக்குறைய பாதி அங்கிருந்து வருகிறது. 2010-ல் நூறு டாலர் வீட்டு மதிப்புக்கு 1.30 டாலர் வரி. 2025-ல் 0.805. வரி நோட்டீஸ் வரும் நாளில் டேட்டா சென்டரைத் திட்டும் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஆனால் விலை இல்லாமல் இல்லை. 2022 கோடையில் டொமினியன் மின் நிறுவனம், ஆஷ்பர்ன் பக்கம் புது டேட்டா சென்டர்களுக்குக் கேட்ட அளவு மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்க்க உயர் அழுத்தக் கம்பிப் பாதை போதவில்லை என்று கையை விரித்தது. புதுப் பாதைக்காக வீடுகளின் பின்பக்கம் ராட்சதக் கோபுரங்கள் வரும் என்றதும், லவுடன் வேலி எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்பின் ஆட்கள் பூமிக்கு அடியில் கொண்டுபோகச் சொல்லிப் போராடினார்கள். அதில் நம் ஆட்களும் நிறைய. நியாயமான போராட்டம். 2025 மார்ச்சில்தான் போர்டு டேட்டா சென்டருக்கு இருந்த பை-ரைட் சலுகையை எடுத்தது. என்னைக் கேட்டால் பத்து வருடம் தாமதம். ஏற்கெனவே அனுமதி வாங்கி வரிசையில் நிற்பவையே போதும், நம் காலம் முழுக்க ஜன்னலில்லாத சுவர்களைப் பார்க்கலாம்.

சரி, மெட்ரோவுக்கு வருவோம். ஆஷ்பர்ன் வழியாக ஓடிய பழைய ரயில் 1968-ல் நின்றுபோனது. அந்தத் தடத்தில்தான் இப்போது டபிள்யூ அண்ட் ஓடி பாதையில் சைக்கிள் ஓட்டுகிறோம். ஐம்பத்து நாலு வருடம் கழித்து, 2022 நவம்பர் 15 அன்று சில்வர் லைன் என்ற மெட்ரோ தடம் வந்தது. அதற்குப் பணம் போடுவதா வேண்டாமா என்று 2012 ஜூலையில் அந்த ஒன்பது பேர் போர்டு வாக்கெடுத்தபோது முடிவு 5-4. ஒரே ஒரு ஓட்டு மாறியிருந்தால் ரயில் ஆஷ்பர்னுக்கு வந்திருக்காது.

விமான நிலையத்துக்கு மேற்கே நமக்குக் கிடைத்தது இரண்டே நிலையம். ஒன்று லவுடன் கேட்வே. விமானச் சத்த எல்லைக்குள் இருப்பதால் சுற்றிலும் குடியிருப்பு கட்ட அனுமதி இல்லை. ஒரு முறை மாலையில் அங்கே இறங்கிப் பாருங்கள். டோல் சாலையின் நடுவே நடைமேடை, இரண்டு பக்கமும் கார்கள் சீறுகின்றன. மேலே ஏறி நடைபாலத்தைக் கடந்தால் பார்க்கிங், அதைத் தாண்டினால் டேட்டா சென்டர்கள். ஒரு டீக்கடை, ஒரு மளிகைக்கடை, ஒன்றும் கிடையாது. என்னோடு இறங்கியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மொத்த வாஷிங்டன் மெட்ரோவிலும் மிகக் குறைவாக ஆள் ஏறும் நிலையங்களில் இதுவும் ஒன்று.

ஆக, இந்த இரண்டில், நடந்து போகும் தூரத்தில் ஆட்கள் வாழக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: ஆஷ்பர்ன் நிலையம். அதற்கு வடக்கே லவுடன் ஸ்டேஷன், தெற்கே மூர்ஃபீல்ட் ஸ்டேஷன் என்று இரண்டு குடியிருப்புத் திட்டங்கள். அங்கே எட்டு மாடி, பத்து மாடி கட்டாமல் வேறெங்கே கட்டுவது? ஒவ்வொரு முறையும் "உயரத்தைக் குறை, எண்ணிக்கையைக் குறை" என்று நாம் கத்திக் குறைக்கும் வீடுகள் ஆவியாகிப் போவதில்லை. ரூட் 50 பக்கம் ஆல்டியில், ரூட் 15 ஓரத்தில், ரயிலே எட்டாத இடத்தில் மூன்று கார் கராஜோடு முளைக்கின்றன. அந்தக் கார்களெல்லாம் காலையில் எந்தச் சாலையில் வந்து ஏறும் என்று நினைக்கிறீர்கள்?

பள்ளி நிரம்பும் என்ற பயத்துக்கும் கணக்கு எதிராக இருக்கிறது. கவுண்டி தன் திட்டமிடலுக்கு வைத்திருக்கும் விகிதத்தின்படியே, தனி வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் அதிகம், அபார்ட்மெண்டிலிருந்து குறைவு. பள்ளி எல்லையை மாற்றும்போது வரும் சண்டையை நானும் பார்த்திருக்கிறேன். மூத்தவன் ஒரு பள்ளி, இளையவள் வேறு பள்ளி என்றால் வீட்டில் காலை நேரம் ரணகளம்தான். அந்தக் கோபம் எனக்கும் புரியும். ஆனால் அதைக் கொண்டுபோய் ஒற்றைப் படுக்கையறை அபார்ட்மெண்டின் மேல் கொட்டுவது முகவரி தப்பிய கோபம்.

மான்ட்கமரி கவுண்டிக்காரர்கள் இதை 1980-லேயே புரிந்துகொண்டார்கள். 93 ஆயிரம் ஏக்கரை விவசாயத்துக்கு என்று ஒதுக்கி, 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் என்றார்கள். விவசாயி சும்மா விடுவாரா? அவர் இழக்கும் கட்டும் உரிமையை, ஐந்து ஏக்கருக்கு ஒன்று என்ற கணக்கில், நகர்ப் பக்கம் கட்டும் பில்டருக்கு விற்கலாம் என்று வழி வைத்தார்கள். வயல் வயலாகவே இருந்தது, விவசாயி கையில் பணம், நகரத்தில் கூடுதல் மாடி. லவுடனில் அப்படியொரு சந்தை இன்றுவரை இல்லை. பொட்டோமாக்கைக் கடக்க ஒயிட்ஸ் ஃபெர்ரி என்ற படகு ஒன்று இருந்தது. கரை நிலத் தகராறில் 2020 டிசம்பரில் அதுவும் நின்றது. யோசனை ஒன்று அக்கரையிலிருந்து வர இருந்த வழியும் அடைபட்டுவிட்டது என்று விளையாட்டாகச் சொல்வேன்.

இன்னொன்று, இதை நம் குழுவில் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. நம் பிள்ளைகளின் ஆசிரியர், தீயணைப்பு வண்டி ஓட்டுபவர், மருத்துவமனை நர்ஸ், இவர்களில் பலர் லவுடனில் வீடு வாங்க முடியாமல் மேற்கு வர்ஜீனியாவிலிருந்து மலை தாண்டி ஓட்டி வருகிறார்கள். அமெரிக்காவிலேயே குடும்ப வருமானம் மிக அதிகமான கவுண்டி என்று பெருமையாகப் பகிர்கிறோமே, அந்தப் பெருமையின் மறுபக்கம் ரூட் 9-ல் விடியற்காலை வரிசையாக வரும் அந்த ஹெட்லைட்டுகள்தான். மெட்ரோ பக்கம் வரும் கட்டடத்தில் ஒரு பங்கை அவர்கள் கட்டக்கூடிய வாடகைக்கு ஒதுக்கச் சொல்லி நாம் சண்டை போடலாம். அது உருப்படியான சண்டை.

போர்டின் பொது விசாரணையில் பேசப் பெயர் கொடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. நேரில் போக முடியாவிட்டால் உங்கள் பகுதி சூப்பர்வைசருக்கு (போர்டு உறுப்பினருக்கு) நாலு வரி மெயில் போடலாம். எதிர்ப்பவர்கள் கூட்டமாகப் போகிறார்கள், அரங்கை நிறைக்கிறார்கள். "கட்டுங்கள், ஆனால் நடைபாதையும் மளிகைக்கடையும் பூங்காவும் முதல் கட்டத்திலேயே வேண்டும்" என்று சொல்ல ஆள் வருவதில்லை.

இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். 'டிராஃபிக்' என்று ஒற்றை வார்த்தை போட்டுவிட்டு ஓடாமல், எந்தச் சாலை, எந்த சிக்னல், எத்தனை மணிக்கு என்று எழுதினால் உட்கார்ந்து பேசலாம்.