எரியுமா எரியாதா, அதை மட்டும் சொல்லித் தொலையுங்கள்

தீப்பற்றும் என்று சொல்ல ஆங்கிலத்தில் ஃபிளாமபிள் என்று ஒரு சொல் இருக்கிறது. நல்லது, இருந்துவிட்டுப் போகட்டும். அதே தீப்பற்றும் என்பதைச் சொல்ல இன்ஃபிளாமபிள் என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. இதற்கு எந்தப் புண்ணியவான் அனுமதி கொடுத்தான்? ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் எல்லா மொழியிலும் உண்டுதான். ஆனால் எதிர்ச்சொல்லின் வேடத்தைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும் ஒரு சொல்லை, அதுவும் தின்னர் டின்னின் மேல், கொட்டை எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது?

நேற்று கதவுக்கு வார்னிஷ் அடித்து முடித்தோம். மிச்சமிருந்த தின்னரைச் சித்தப்பா எடுத்துப் போய், எரிந்துகொண்டிருந்த அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டார். மூடியைக்கூடச் சரியாகத் திருகவில்லை. டின்னின் பக்கவாட்டில் இரண்டு சொட்டு வழிந்து பளபளத்துக்கொண்டிருந்தது. வாசனை வாசல்வரை வருகிறது. நான் அலறினேன்.

“பதறாதே. டின்னைப் படித்துப் பார்” என்றார்.

படித்தேன். இன்ஃபிளாமபிள்.

“இன் போட்டிருக்கிறானா இல்லையா?” மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த இரண்டு எழுத்துக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். அடுப்பை அணைக்கக் கையை நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பாடம் முடியாமல் மாணவன் எழுந்து போகக் கூடாதாம்.

“விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரிவது. இன்விசிபிள்?”

“தெரியாதது. சித்தப்பா, அடுப்பு...”

“கரெக்ட், இன்கரெக்ட். ஆக்டிவ், இன்ஆக்டிவ். ஃபிளாமபிள் என்றால் எரியும். அப்படியானால் இன்ஃபிளாமபிள்?”

“அதுவும் எரியும்.”

உன்னைப் படிக்க வைத்த பணமெல்லாம் வீண் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார். வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவருடைய தர்க்கத்தில் ஓர் ஓட்டைகூட இல்லை. மனிதர் அத்தனை ஒழுங்காக யோசித்து, அத்தனை ஒழுங்காகத் தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். வழிகாட்டிப் பலகையை மாற்றி நட்டவன் வேறு எவனோ.

கடைசி முயற்சியாக டின்னை மறுபக்கம் திருப்பினேன். சிவப்புக் கட்டம், நடுவில் தீச்சுடர், கீழே ‘ஹைலி ஃபிளாமபிள் லிக்விட் அண்ட் வேப்பர்’. வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சித்தப்பா இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் படித்தார். நிதானமாகத் தலையசைத்தார். எரியாத பக்கம் அடுப்பைப் பார்க்கும்படி டின்னைத் திருப்பி வைத்துவிட்டு, “இப்போது திருப்தியா?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். தின்னரில் கலக்கும் அசிட்டோன் போன்றவற்றின் ஆவி, சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் அளவிலேயே பற்றிக்கொள்ளும். காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். அதற்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்.

இத்தனைக்கும் காரணம் இலத்தீனாம். அங்கே இரண்டு ‘இன்’ உண்டாம். ஒன்று இல்லை என்று மறுக்கும். இன்னொன்று உள்ளே தள்ளும், மூட்டிவிடும். இன்ஃபிளாமாரே என்றால் தீ மூட்டுவது. உடம்பில் வீங்கிச் சிவக்கும் இன்ஃபிளமேஷனும் இதே வம்சம்தான். ஆகவே மூத்த பிள்ளை இன்ஃபிளாமபிள், ஃபிளாமபிள் அதற்கு வெகு பின்னால் பிறந்தது. மகிழ்ச்சி! அடுப்படியில் நிற்கிறவர்கள் எல்லாரும் முதலில் இலத்தீன் முன்னொட்டுகளைப் படித்துத் தேறிவிட்டு வரலாம். தீயும் அதுவரை காத்திருக்கும்.

இந்தக் குழப்பம் யாருக்கும் தெரியாமல் இருந்தாலாவது மன்னிக்கலாம். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே, ஃபிளாமபிள் என்றே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டது. பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனம் 1959இல் அதையே சொன்னது. ஐ.நா. வகுத்த இரசாயன முத்திரை முறையிலும் ஃபிளாமபிள்தான். எரியாததற்கு நான்-ஃபிளாமபிள். இத்தனை பேர் சொல்லியும் டின்னின் முன்பக்கத்தில் பழைய சொல்லும் பின்பக்கத்தில் புதிய சொல்லும் சம்பந்திகள்போல் உட்கார்ந்திருக்கின்றன.

உடனே ஒரு மொழிப்பிரியர் கிளம்பி வருவார். ஃபிளாமபிள் கொச்சை, இன்ஃபிளாமபிள்தான் மரபு என்பார். ஐயா, மரபைக் கோபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கலவரச் சூழலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கெல்லாம் அந்தச் சொல் பொருத்தமாகவே இருக்கிறது. டின்னை மட்டும் விட்டுவிடுங்கள். தீ விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற மொழியியலாளர், ‘எம்ப்டி’ என்ற சொல்லை நம்பிக் காலி பெட்ரோல் பீப்பாய்களின் அருகில் சிகரெட்டும் கையுமாக அலட்சியமாக இருந்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பீப்பாய்க்குள் நிறைந்திருந்ததோ வெடிக்கும் ஆவி. ‘காலி’ என்ற நேர்மையான சொல்லுக்கே அந்தக் கதி. இது பொய் வேடம் போட்ட சொல்.

வாலுவபிள் என்றால் மதிப்புள்ளது, இன்வாலுவபிள் என்றால் விலைமதிக்க முடியாத அளவுக்கு மதிப்புள்ளது. இதைப் பற்றி நான் பேசவே போவதில்லை. இரத்த அழுத்தம் கூடிவிடும். சித்தப்பாவுக்கும் அந்த ஜோடியை யாரும் காட்டிவிடாதீர்கள். அவர் மதிப்பில்லாதது என்று நினைத்து எதையெல்லாம் தூக்கி எறிவாரோ.

இன்னொன்று. அந்த எச்சரிக்கை வரியின் பாதியை மறைத்து ஒரு பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். டின்னில் அத்தனை வெற்றிடம் இருக்க, அங்கேதான் ஒட்ட வேண்டுமா? அந்த ஸ்டிக்கர் ஒரே இழுப்பில் வந்ததாக உலகத்தில் யாராவது சொல்லட்டும். மேல்தாள் மட்டும் பட்டை பட்டையாகக் கிழிந்து வந்தது, பசை அப்படியே நிற்கிறது. நகத்தால் சுரண்டினேன், துணியால் தேய்த்தேன், விரலெல்லாம் பிசுபிசுப்பு. எதைக் கொண்டு துடைத்தால் இந்தப் பசை போகும் என்று தேடிப் பார்த்தேன். தின்னராம்.