தரையை இன்னொரு தடவை ஏற்றலாமா?

அந்த வீட்டுக்குள் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. உள்ளே போன பிறகும் நிமிர முடியவில்லை, கையைத் தூக்கினால் ஓடு தட்டியது. கட்டும்போது நல்ல உயரமாகக் கட்டிய வீடுதான். மூன்று தடவை மண் கொட்டித் தரையை ஏற்றியிருக்கிறார்கள், கூரை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஜன்னல் என் முழங்கால் உயரத்தில் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் வாசலில் கடல்.

இது 2021இல். இந்தோனேசியாவில், மத்திய ஜாவாவின் தெமாக் மாவட்டத்தில் இருக்கும் திம்புல்ஸ்லோகோ என்ற ஊர். தண்ணீருக்கு நடுவே வீடுகள் நிற்கின்றன, வீட்டுக்கு வீடு போக பலகைப் பாதை. ஒரு காலத்தில் இங்கே நெல் விளைந்தது என்று வீட்டுக்கார அம்மா சொன்னார். சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயைக் கொடுத்துவிட்டு அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பாக் (ஐயா), நீங்க படிச்சவங்க. தரையை இன்னொரு தடவை ஏத்தலாமா, இல்ல அந்தக் காசை வெச்சிக்கிட்டு வேற எங்கயாவது போயிடலாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. யாரிடம் கேட்டால் தெரியும் என்றும் தெரியவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த தேடல்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

ஜாவாவின் வடகரை முழுவதையும் அங்கே 'பந்துரா' என்பார்கள். கடல் ஏற்றத்தில் ஊருக்குள் வரும் வெள்ளத்துக்கு 'ரோப்' என்று பெயர். மத்திய ஜாவாவின் தலைநகரான செமாராங்கில் ஆறு வருஷம் இருந்தேன். காலையில் எழுந்ததும் அங்கே விசாரிப்பது மழையை இல்லை, இன்றைக்கு ரோப் எவ்வளவு என்பதைத்தான். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டதும் "பருவநிலை மாற்றம், கடல் மட்டம் உயருது" என்று முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது பாதி உண்மை. உலக அளவில் கடல் மட்டம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது. ஆனால் ஜகார்த்தா, செமாராங், தெமாக் கரையில் பல இடங்களில் நிலம் வருஷத்துக்குப் பல சென்டிமீட்டர் இறங்குகிறது. பாண்டுங் தொழில்நுட்பக் கழகத்தின் நில அளவையியல் ஆய்வாளர்கள் பல வருஷமாக ஜிபிஎஸ் வைத்து அளந்து இதைச் சொல்லி வருகிறார்கள். வட ஜகார்த்தாவில் சில இடங்கள் பத்தே வருஷத்தில் 2.5 மீட்டர் இறங்கியிருக்கின்றன. முவாரா பாரு பகுதியில் வால் அதுனா என்ற பள்ளிவாசல் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, பாதி மூழ்கி, தொழ ஆளில்லாமல் நிற்கிறது.

நிலம் ஏன் இறங்குகிறது? ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த இளம் வண்டல், களிமண். அடியில் இருக்கும் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, மேலே இருக்கும் பாரம் களிமண்ணை அமுக்குகிறது. இலவம்பஞ்சு மெத்தை அமுங்கினால் வெயிலில் போட்டு அடித்து உப்ப வைத்துவிடலாம். அமுங்கிய களிமண் பெரும்பாலும் திரும்ப உப்பாது. கட்டடங்களின் பாரமும், மண் தானாக இறுகுவதும் சேர்ந்துகொள்கின்றன. என்றாலும் மனுஷன் கையில் இருக்கும் பெரிய காரணம் போர்வெல் போட்டு எடுக்கும் தண்ணீர்தான்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் சாயத் தொழிலில் இருந்தவன். நான் வேலை பார்த்த ஆலை அந்த அம்மா வீட்டிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. எங்கள் மிஷின்களுக்கு வந்தது ஆழத்துப் போர் தண்ணீர். இரும்புச் சத்து எவ்வளவு, உப்பு எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு என்று தினமும் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். தண்ணீர் துணிக்கு ஏற்றதா என்று பார்த்தேன். அதை எடுத்தால் மேலே இருக்கும் ஊருக்கு என்ன ஆகும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தக் கேள்வி என் வேலைக்குள் வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், பக்கத்துத் துறைக்காரன் பார்த்துக்கொள்வான் என்று ஒவ்வொருவரும் நினைப்பது சாதாரணக் குறை இல்லை. ஒரு ஊரே மூழ்குவதற்கு அது போதும்.

தெமாக்கிலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1980, 90களில் அந்தக் கரையின் அலையாத்திக் காடுகளை வெட்டி இறால், மீன் பண்ணைகள் போட்டார்கள். 'தம்பாக்' என்பார்கள். காடு போனதும் அலை மண்ணை அள்ளிக்கொண்டு போனது. 2015இல் டச்சுக்காரர்களும் இந்தோனேசிய அரசும் சேர்ந்து ஓர் அருமையான வேலையைத் தொடங்கினார்கள். மூங்கிலும் சுள்ளியும் வைத்து, தண்ணீர் ஊடுருவிப் போகும் தடுப்பு. அலையின் வேகம் குறையும், சேறு உள்ளே தங்கும், அந்தச் சேற்றில் அலையாத்தி தானே முளைக்கும். பொறியாளர்களும் சூழலியலாளர்களும் மீன் பண்ணைக்காரர்களும் சேர்ந்து செய்தது. பண்ணைக்காரர்களுக்கு வயல்வெளிப் பள்ளி நடத்தினார்கள், வருமானமும் கூடியது. ஆனால் சேறு சேரும் வேகத்தைவிட நிலம் இறங்கும் வேகம் அதிகமாக இருந்தது. கரை அரிப்பைத்தான் எதிரி என்று நினைத்து ஆரம்பித்தவர்களுக்கு, கீழேயிருந்து இன்னொரு எதிரி இழுப்பது வேலை நடக்க நடக்கத்தான் முழுசாகப் புரிந்தது. அந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தாங்கள் கண்டதை மறைக்காமல் வெளியே சொன்னார்கள், அதுவே பெரிய விஷயம். ஆனால் நிலத்தடி நீர்க்காரரும், தொழிற்சாலைக்கு அனுமதி கொடுக்கும் அலுவலரும் முதல் நாளிலிருந்தே அந்த மேஜையில் இருந்திருந்தால்?

சரி, போர்வெல்லை மூடச் சொன்னால் போதுமா? போதாது. மாற்றுத் தண்ணீர் வேண்டும். ஜகார்த்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். 13 ஆறுகள் ஓடும் நகரம் அது. அவற்றின் தண்ணீரைக் குடிநீராக்குவது பெரும்பாடு, அவ்வளவு அழுக்கு. குழாய்க்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி எங்கேயோ இருக்கும் ஜாதிலுஹுர் அணையிலிருந்து கால்வாய் வழியாக வருகிறது. அந்த அணை இருப்பது சிதாரும் ஆற்றில். சிதாரும் ஆற்றின் மேல்பகுதியில், மஜாலயா பக்கம், வரிசையாகத் துணி ஆலைகள். சாயக் கழிவு போய்ச் சேருவது அந்த ஆற்றில்தான். நொய்யலைப் பார்த்து வளர்ந்த திருப்பூர்க்காரனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2018இல் அரசு ராணுவத்தையே இறக்கி அந்த ஆற்றைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தது. ஆக, வட ஜகார்த்தாவில் ஒரு வீடு இறங்காமல் இருக்க வேண்டுமென்றால், மஜாலயாவில் ஒரு சாய ஆலையின் கழிவுக் குழாயைப் பார்க்க வேண்டும். இதை எந்தத் துறையின் பாடப் புத்தகத்தில் வைப்பீர்கள்?

இன்னும் இருக்கிறது. ஜகார்த்தாவின் குடிநீர் வினியோகத்தை 1998இல் இரண்டு தனியார் கம்பெனிகளிடம் 25 வருஷ ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். 2023இல் ஒப்பந்தம் முடிந்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நகரத்துக்குக் குழாய் போய்ச் சேரவில்லை. டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலேயே குழாய் முதலில் போனது வெள்ளைக்காரர்கள் குடியிருந்த பகுதிக்குத்தான், அந்தக் கோணல் முழுசாக நிமிரவேயில்லை. பட்டா இல்லாத கம்போங் என்ற நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளுக்கு இணைப்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. அவர்கள் தள்ளுவண்டியில் வரும் ஜெரிகேன் தண்ணீரை வாங்குகிறார்கள். கணக்குப் போட்டால் குழாய்த் தண்ணீரைவிடப் பல மடங்கு விலை. கட்ட முடியாதவர்கள் கிணறு, பம்ப். வசதி உள்ளவர்களோ, பெரிய கட்டடத்துக்கு ஆழமாகப் போர் போட்டுக்கொண்டார்கள். உறிஞ்சுவதில் பெரும்பங்கு ஒருவருக்கு, மூழ்குவதில் பெரும்பங்கு இன்னொருவருக்கு. இதை ஜிபிஎஸ் கருவி காட்டாது. தெருவில் உட்கார்ந்து, யார் எவ்வளவு கொடுத்து எந்தத் தண்ணீர் வாங்குகிறார்கள் என்று எழுதுகிற சமூகவியல் ஆய்வாளர்தான் காட்டுவார். 2023 ஆகஸ்டிலிருந்து ஜகார்த்தாவின் சில பகுதிகளில் பெரிய கட்டடங்கள் நிலத்தடி நீர் எடுக்கத் தடை வந்திருக்கிறது. நல்லது. குழாய் எட்டிய தெருவில் அந்தத் தடையை அமல்படுத்தலாம். எட்டாத தெருவில் என்ன செய்வது?

டோக்கியோவின் கிழக்குப் பகுதியும் ஒரு காலத்தில் இப்படித்தான் இறங்கியது. சில இடங்களில் 4 மீட்டருக்கும் மேல். தொழிற்சாலைகளுக்கு வேறு தண்ணீர் கொடுத்து, சட்டம் போட்டுப் போர் தண்ணீரைக் கட்டுப்படுத்தி, 1970களில் பெருமளவு நிறுத்திக் காட்டினார்கள். இறங்கிய நிலம் மேலே வரவில்லை, இறங்குவது நின்றது. அதனால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இப்போது இந்தோனேசியாவில் பேச்செல்லாம் பெரிய கடல் சுவரைப் பற்றித்தான். ஜாவாவின் மேற்கில் பாந்தென் முதல் கிழக்கில் கிரெசிக் வரை, 500 கிலோமீட்டருக்கு மேல். அதிபர் பிரபோவோ சொன்ன செலவு 8,000 கோடி டாலர். 2025இல் அதற்கென்று தனி ஆணையமே அமைத்தார்கள். தலைநகரை ஜகார்த்தாவிலிருந்து போர்னியோ தீவின் காலிமந்தானில் கட்டும் நுசந்தராவுக்கு மாற்றும் வேலை ஒரு பக்கம் 2019இலிருந்து ஓடுகிறது. என் கருத்தைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் சுவர் வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. 2022 மே மாதம் செமாராங் துறைமுகப் பகுதியில் கரை உடைந்தபோது, தொழிற்பேட்டையில் வேலை பார்த்த பிள்ளைகள் தண்ணீருக்குள் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்ததை மறக்க முடியாது. ஆனால் குழாய்த் தண்ணீர் கொடுக்காமல் சுவர் எழுப்பினால், நிலத்தோடு சேர்ந்து சுவரும் இறங்கும். ஆறுகளின் தண்ணீரை உள்ளேயிருந்து காலமெல்லாம் பம்ப் செய்து வெளியே தள்ள வேண்டும். வெளியே படகு வைத்திருப்பவன் எந்த வழியாகக் கடலுக்குப் போவான்? சுவருக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் குழாய்க்கும், சாய ஆலைகளின் கழிவு சுத்திகரிப்புக்கும் போடுங்கள் என்பதுதான் என் வாதம்.

துறைகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று அங்கே எல்லோரும் பேசத்தான் செய்கிறார்கள். அமைச்சகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்கு 'ஏகோ செக்டோரல்' என்று பேரே வைத்திருக்கிறார்கள், துறைக்குத் துறை அகந்தை என்று அர்த்தம். மேட்டில் இருக்கும் போகோரில் மழை பெய்து ஜகார்த்தாவில் வெள்ளம் வந்தால் 'பாஞ்சிர் கிரிமான்', அதாவது அனுப்பி வைத்த வெள்ளம். வெள்ளத்துக்குக்கூட அனுப்புநர் முகவரி எழுதிவிடுகிறார்கள். 2021இல் அரசு ஆராய்ச்சி நிறுவனங்களை ஒன்றாக்கி பிரின் என்ற ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழ் வந்தால் மட்டும் துறைகள் பேசிக்கொள்ளாது. பல்கலைக்கழகத்தில் 'லினியரிதாஸ்' என்று ஒன்று இருக்கிறது. இளங்கலை, முதுகலை, முனைவர் மூன்றும் ஒரே வரிசையில் இருக்கிறதா என்று பார்ப்பது. புவியியல் படித்துவிட்டு மானுடவியலில் முனைவர் செய்த ஒரு நண்பர், பதவி உயர்வுக்கு எவ்வளவு அலைந்தார் என்று பக்கத்திலிருந்து பார்த்தேன். எந்த மாதிரி ஆள் திம்புல்ஸ்லோகோவுக்கு வேண்டுமோ, அந்த ஆளைத்தான் அந்த வரிசை தள்ளி நிறுத்துகிறது.

நன்றாக நடந்ததையும் சொல்ல வேண்டும். வட ஜகார்த்தாவில் கம்போங் அக்குவாரியம் குடியிருப்பை 2016 ஏப்ரலில் இடித்தார்கள். ஜனங்கள் இடிபாட்டுக்கு மேலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஏழைகள் கூட்டமைப்பும், ருஜாக் நகர ஆய்வு மையத்தின் கட்டடக் கலைஞர்களும் அவர்களோடு உட்கார்ந்து, யார் யார் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதிலிருந்து பேசி வடிவமைத்தார்கள். 2021 ஆகஸ்டில் அதே இடத்தில் அடுக்குமாடி திறந்தது. ஒரு கட்டடக் கலைஞர், ஒரு வழக்கறிஞர், அங்கேயே வாழும் ஒரு மீன்காரம்மா மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்தால் என்ன வரும் என்பதற்கு அது சாட்சி.

அப்புறம் அங்கே கல்லூரிப் பிள்ளைகளுக்கு 'காகாஎன்' என்று ஒரு கட்டாய ஊர்ப்பணி உண்டு. பல துறைப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கிராமத்தில் ஒன்றிரண்டு மாதம் தங்குவார்கள். மருத்துவம், விவசாயம், சட்டம் படிக்கும் பிள்ளைகள் ஒரே சமையலறையில் சமைத்துச் சாப்பிடுவார்கள். 20 வயதில் சேர்த்துப் பழக்கிவிட்டு, 30 வயதில் பேராசிரியரானதும் ஏன் பிரித்து வைக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பதில் சொல்ல என்னென்ன தெரிய வேண்டும் என்று பிறகு ஒரு நாள் எழுதிப் பார்த்தேன். அந்தத் தெரு வருஷத்துக்கு எவ்வளவு இறங்குகிறது, பக்கத்து ஆலைகள் எவ்வளவு உறிஞ்சுகின்றன, மூழ்கிய நிலத்துக்குப் பட்டா செல்லுமா, நஷ்டஈடு உண்டா, போகிற ஊரில் கணவருக்கு மீன்பிடிக்க முடியுமா. இவையெல்லாம் எழுதிய பிறகுதான் கல்லறை ஞாபகம் வந்தது. ஊர்க் கல்லறையையும் மண் கொட்டி ஏற்றியிருந்தார்கள். நோன்பு மாதத்துக்கு முன்னால் 'ஞத்ரான்' என்று முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து வழிபடுவார்கள். அவருடைய அம்மாவும் அப்பாவும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு எங்கே போவது என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது, நான் அப்போது கவனிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பும் முன்னால் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு தரையை நான்காவது தடவை ஏற்றியிருந்தார்கள். இந்த முறை மண் இல்லை, பலகை. டீ குடிக்க உள்ளே கூப்பிட்டார். உட்கார்ந்தபடியே நகர்ந்துதான் உள்ளே போனேன்.